பெங்களூர் டார்பிடோ: அகழிப் போரும் ஆயத்தமின்மையும்

அல்சூர் ஏரிக்கரையை ஒட்டியுள்ள மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் வளாகத்தை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். உலகப் படைகள் பலவும் கையாண்ட ஒரு கருவி இப்படைப்பிரிவில் பிறந்து, இந்நகரின் பெயரையே தாங்கி நிற்பதை நம் மாணவர்களில் சிலரே அறிவர்.

1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போர் ஓர் உண்மையை உணர்த்தியிருந்தது: முள்வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் இணைந்தால், அகழியில் இருக்கும் சிறு படையே பெரும் படையைத் தடுத்துவிடும். 1912இல் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவின் கேப்டன் மெக்லின்டாக் இதற்கு ஒரு விடை கண்டார். வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, மறைவில் படுத்தவாறே வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்யலாம். கம்பிகள் அறுந்து ஒரு குறுகிய வழி திறக்கும்.

கருவி பிறந்துவிட்டது, படை ஆயத்தமாகிவிட்டதா? 1914 செப்டம்பர் 26இல் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிய இந்தியப் படையணிக்கு, அகழிப் போருக்குரிய கையெறி குண்டுகளும் சிறுபீரங்கிகளும் போதிய அளவில் இல்லை. ஜாம் டப்பாக்களில் வெடிமருந்து அடைத்துக் குண்டு செய்ய நேர்ந்தது.

1915 மார்ச் 10, நவ் சாப்பல். முள்வேலியை அறுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பீரங்கிகளிடம் விடப்பட்டது. குண்டுவீச்சு வேலியைச் சிதைத்த இடங்களில் முன்வரிசை விரைவில் வீழ்ந்தது. வலப்புறம் திசைமாறிய 39ஆவது கார்வால் படையின் முதல் பட்டாலியனோ சிதையாத வேலியின்முன் சிக்கிப் பெருஞ்சேதம் அடைந்தது. அப்போரில் இந்தியப் படையணியின் இழப்பு 4,000-ஐத் தாண்டியது.

எனினும், குழாய்கள் நிறைய இருந்திருந்தால் தேக்கம் உடைந்திருக்கும் என்று முடிவுகட்டுதல் பிழை. திறக்கப்படும் குறுகிய வழியே, தாக்குதல் எங்கிருந்து வரும் என்பதைக் காவலருக்குக் காட்டிக்கொடுக்கும். 1917இல் ஜெர்மானியர் முன்வரிசையில் சிலரையே நிறுத்தி, பின்னே எதிர்த்தாக்குதலுக்கான படைகளை வைத்தனர். முதல் வேலியைக் கடப்பது அதன்பின் வெற்றிக்குப் போதுமானதாக இல்லை.

ஆகவே ஆயத்தம் என்பது கண்டுபிடிப்பன்று. உற்பத்தி, பயிற்சி, பீரங்கியோடு ஒருங்கிணைப்பு, திறந்த வழியில் உடனே நுழையும் பின்படை ஆகிய நான்கும் சேர்ந்ததே ஆயத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தம்பிகள்' என்று அன்போடு அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்களில் தமிழர் பலர். நூல்கள் கருவியை வடிவமைத்த அதிகாரியின் பெயரைச் சொல்கின்றன. குழாயைத் தள்ளிய கைகளைச் சொல்வதில்லை. ஆய்வு மாணவர்கள் அக்கைகளைத் தேடத் தொடங்க வேண்டும்.