புனலில் இருந்த வடிகட்டி

டீசல் காரின் சர்வீஸ் அட்டவணையில் ஃபியூயல் ஃபில்டருக்கு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கிலோமீட்டர் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். மாற்ற வேண்டும் என்பது மட்டும் மாறாது. ஏன் என்று கேட்டால் வண்டிக்காரரும் மெக்கானிக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: நம் ஊர் டீசல் அப்படி. பங்கில் தண்ணீர், டேங்கில் துரு, வழியில் கலப்படம். ஃபில்டர் இல்லாவிட்டால் எஞ்சின் என்னாகும்? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிபொருளை வடிகட்டிய வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் இந்தப் பதில் பாதிதான் நிற்கிறது. எரிபொருள் மிக மோசமாக இருந்த காலத்தில் ஃபில்டரை மாற்றும் வழக்கமே கிடையாது. கழுவினார்கள், திரும்ப மாட்டினார்கள், அவ்வளவுதான். எரிபொருள் மூடிய டேங்கர் லாரியிலும் அளந்த தரத்திலும் வரத் தொடங்கிய காலத்தில்தான் ஃபில்டர் விஷயத்தில் கறார் கூடியது. அந்த வழக்கத்தைப் பெற்றெடுத்தது அழுக்கு அல்ல. அழுக்கைப் பொறுக்க முடியாமல் போன எஞ்சின்.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் நூறு கிலோமீட்டர் போனார். மோட்டார் வண்டியில் நடந்த முதல் நெடும்பயணம் அதுவே. எரிபொருளை வீஸ்லோக் ஊரில் மருந்துக் கடையில் வாங்கினார். அந்நாளில் கறை நீக்கும் திரவமாக அது அங்கேதான் விற்றது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார் என்று சொல்வார்கள். முதல் நெடும்பயணத்திலேயே வந்த கோளாறு இது. ஆனால் ஒரு ஊசியில் தீர்ந்துபோகும் கோளாறு. அடுத்த நாற்பது ஆண்டுகள் பெட்ரோல் கார்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான். பெட்ரோல் தகர டின்களில் வந்தது. டின்னின் ஓரத்தில் துரு, ஈயப்பற்றின் துணுக்கு, மழைநாளில் சில சொட்டுத் தண்ணீர். கவனமான ஓட்டுநர் புனலில் பதப்படுத்திய மென்தோலை விரித்து அதன் வழியே பெட்ரோலை ஊற்றுவார். முதலில் பெட்ரோலில் நனைந்த அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் டேங்குக்கு அடியில் கசடு தங்குவதற்கு ஒரு சிறு கிண்ணமும் அதைத் திறந்துவிட ஒரு குழாயும் இருந்தன. தங்கிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட்டால் போதும். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டின் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதில் போய் அடைக்கக்கூடிய எதுவும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதைப் பிடிக்கக் கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகள் கொண்ட சல்லடை போதுமானது.

பிறகு எஞ்சினிலேயே பெட்ரோல் பம்ப் வந்தபோது, வடிகட்டி புனலிலிருந்து பானெட்டுக்குள் குடியேறியது. நம் மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் வகை அது. (ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் பெயரெழுத்துகளை வைத்துக்கொண்ட அமெரிக்க நிறுவனத்தின் பெயர், குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இந்த வகைப் பம்புகள் பலவற்றின் தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் பித்தளை வலை. கிண்ணத்தின் அடியில் எவ்வளவு கசடு என்பதைப் பானெட்டைத் திறந்த எவரும் பார்க்கலாம். திருகைத் தளர்த்தி, கிண்ணத்தைக் கழற்றி, வலையைப் பெட்ரோலில் அலசி, மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. வாங்க வேண்டிய உதிரிப் பாகம் ஒன்றுமில்லை. எப்போது செய்ய வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லத் தேவையில்லை, கிண்ணமே சொன்னது.

எரிபொருளின் அழுக்குதான் ஃபில்டர் மாற்றும் வழக்கத்துக்குக் காரணம் என்றால், அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிறந்திருக்க வேண்டும். பெட்ரோல் பங்கீட்டில் போய்விட்ட அந்த ஆண்டுகளில் உலகெங்கும் பஸ்களும் லாரிகளும் கரி வாயுவில் ஓடின. தென்னிந்தியாவில் டி.வி.எஸ். நிறுவனமே கரி வாயு உலைகளைத் தயாரித்து வண்டிகளில் பொருத்தியது. வண்டியின் பின்னால் ஒரு உலை. அதில் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள். சாம்பலும் தாரும் நீராவியும் கலந்த அந்த வாயுவைப் போல அழுக்கான எரிபொருள் சாலையில் ஓடியது அரிது. துணி, நார், கார்க் என்று கிடைத்ததை அடைத்து வடிகட்டினார்கள். அடைத்தால் வெளியே எடுத்து உதறினார்கள், கழுவினார்கள், மறுபடி அடைத்தார்கள். எஞ்சின் சீக்கிரம் தேய்ந்தது, சக்தி குறைந்தது. ஆனாலும் வண்டி ஓடியது. ஓடியதற்குக் காரணம், அந்த எஞ்சினில் வாயு நுழையும் வழி அகலமானது. வழியில் நுண்ணிய பாகம் எதுவும் இல்லை.

நுண்ணிய பாகம் டீசலோடு வந்தது. ருடால்ஃப் டீசலின் 1897-ஆம் ஆண்டு எஞ்சின், எரிபொருளைச் சிலிண்டருக்குள் தள்ள அழுத்தக் காற்றைப் பயன்படுத்தியது. அதற்கு ஒரு கம்ப்ரசர் வேண்டும். கம்ப்ரசரோடு அது தொழிற்சாலையிலும் கப்பலிலும் உட்கார முடிந்ததே தவிரச் சாலைக்கு வர முடியவில்லை. 1927-ல் ஸ்டட்கார்ட்டின் பாஷ் நிறுவனம், கம்ப்ரசர் இல்லாமலே டீசலைத் தள்ளும் பம்பைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்தபோதுதான் டீசல் லாரி பரவலானது. 1936-ல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற காரும் வந்தது. அந்தப் பம்பின் உயிர் பிளஞ்சரும் பேரலும். ஒரு உருளைக்குள் இன்னொரு உருளை மேலும் கீழும் போய்வர வேண்டும், நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டீசலைத் தள்ள வேண்டும், ஆனால் இடையில் வாஷரோ ரப்பரோ கிடையாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்குதான். தலைமுடியின் தடிமன் இதைவிட இருபது மடங்குக்கும் மேல். ஒன்றோடொன்று இழைத்துச் சேர்த்த ஜோடியைப் பிரித்து வேறு ஜோடியோடு மாற்றிப் போட முடியாது. அந்த இடைவெளிக்குள் மணல் பொடி போனால் கார்புரேட்டர் ஜெட் போல அடைக்காது, கீறும். அடைப்பை ஊசியால் எடுக்கலாம், கீறலை எடுக்க வழியில்லை. கீறிய பம்பில் அழுத்தம் குறையும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், புகை தள்ளும். கடைசியில் ஜோடியையே மாற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் பித்தளை வலை உதவாது. முதலில் கம்பளித்துணியும் ஃபெல்ட்டும், பிறகு பிசினில் தோய்த்து மடித்த காகிதமும் வந்தன. வலையை அலசலாம், காகிதத்தை அலசினால் அதன் நுண்துளைகள் கெட்டுவிடும், உள்ளே புகுந்த பொடியும் முழுதாக வெளியே வராது. கழுவுவது போய் மாற்றுவது வந்தது இப்படித்தான்.

இந்த வழக்கம் தென்னிந்தியாவுக்கு வந்த வழி தெளிவாகவே தெரிகிறது. பெங்களூரில் மைக்கோ நிறுவனம் 1951-ல் தொடங்கியது. பாஷின் பம்புகளை இங்கேயே செய்யத் தொடங்கியது. டாட்டா, பென்ஸ் கூட்டில் 1954-ல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டீசல் லாரிகள் வந்தன. 1955-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஃபில்டர் வைக்கும் முறை நம் லாரி, டிராக்டர்களில் நிலைத்தது: முதலில் துணி, அடுத்துக் காகிதம். துணி கழுவும் மரபின் கடைசி வாரிசு. அதை அலசி மறுபடி போட்டார்கள். காகிதத்தைத் தூக்கிப் போட்டார்கள். ஃபில்டரை மாற்றினால் லைனில் காற்று ஏறிவிடும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். இது தெரியாத டிரைவர் நடுவழியில் நின்றார். தெரிந்தவர் உஸ்தாத் ஆனார். நெடுஞ்சாலை ஊர்களில் எல்லாம் டீசல் பம்ப் சர்வீஸ் போர்டுகள் முளைத்தன. மற்ற ஒர்க்‌ஷாப் வேலை மரத்தடியில் நடக்கும். பம்பைப் பிரிக்கும் வேலை மட்டும் தூசி புகாத தனி அறையில். எந்தப் பாகம் அழுக்கைப் பொறுக்காது என்பதை அந்த அறையே காட்டிவிடும்.

கலப்படத்தை என்ன செய்வது என்ற கேள்வி இங்கே எழும். எழ வேண்டியதுதான். ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசம் இந்தியாவில் பெரிய கள்ளத் தொழிலை வளர்த்தது. கலப்படம் செய்த பங்கைத் தடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாடு அருகே கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவணேயை எண்ணெய்க் கும்பல் உயிரோடு எரித்தது. கலப்படம் எவ்வளவு பெரிய குற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கும் ஃபில்டருக்கும் தொடர்பு மிகக் குறைவு. மண்ணெண்ணெய் டீசலில் முழுதாகக் கரைந்து கலந்துவிடும். உலகின் எந்தக் காகிதமும் அதைப் பிரித்தெடுக்காது. ஃபில்டர் பிடிப்பது துகளையும், தண்ணீர்ப் பிரிப்பான் உள்ள வகையாக இருந்தால் தண்ணீரையும் மட்டுமே. கலப்பட டீசலின் வழவழப்பு குறைந்து பம்ப் தேய்வதை ஃபில்டர் மாற்றித் தடுக்கலாம் என்று நினைப்பது, போலீஸ் செய்ய வேண்டிய வேலையைக் காகிதத்திடம் ஒப்படைப்பது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளலாம். வயல்வெளி டிரம்களிலும் பங்கின் பூமிக்கடி டேங்கிலும் சேரும் தண்ணீரும் தூசியும் ஃபில்டரின் ஆயுளைக் குறைத்தன. மாற்ற வேண்டுமா என்பதை எஞ்சின் தீர்மானித்தது. எத்தனை நாளில் என்பதில் எரிபொருளுக்கும் பங்குண்டு.

1997-க்குப் பிந்தைய கதை இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சாட்சி. அந்த ஆண்டு ஆல்ஃபா ரோமியோ 156, மெர்சிடிஸ் சி கிளாஸ் கார்களில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசலைத் தரும் காமன் ரெயில் முறை வந்தது. அழுத்தம் 1,350 பார். இன்று 2,000 பாரைத் தாண்டிவிட்டது. நாசில் துளைகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. பம்ப் மட்டுமல்ல, இன்ஜெக்டரின் உள் வால்வும் டீசலாலேயே வழவழப்புப் பெறுகிறது. இதே காலத்தில் எரிபொருளின் தரம் மேலே போனது, கீழே அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 டீசல், அதில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கந்தகம் குறைந்ததும் துகள் குறைந்ததும் ஒன்றல்ல என்று யாராவது சொன்னால் அது நியாயமே. ஆனால் பம்ப் கீறிப்போவது கந்தகத்தாலும் அல்லவே. டிரம்மும் புனலும் கார்களின் உலகிலிருந்து போய், பங்கின் டிஸ்பென்சரிலேயே ஃபில்டர் வந்த பிறகும் காரின் ஃபில்டர் இன்னும் நுண்மையானது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பழைய கைப்பழக்கம்கூடத் தலைகீழானது. ஏர் எடுக்கும் சிரமத்தைக் குறைக்கப் புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது லாரி யுகத்தில் கெட்டிக்காரத்தனம். காமன் ரெயில் வண்டியில் அது நேராக இன்ஜெக்டருக்கே வடிகட்டாத டீசலை ஊட்டும் வேலை, ஏனென்றால் ஊற்றியது காகிதத்தின் சுத்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

இன்னொரு எதிர்வாதம்: இதெல்லாம் உதிரிப் பாகம் விற்கும் கம்பெனிகளின் தந்திரம். முழுக்கத் தள்ளிவிட முடியாது; சர்வீஸ் பில்லில் தேவையில்லாத வரிகள் ஏறுவது உலகறிந்தது. காகித ஃபில்டரில் ஒரு விசித்திரமும் உண்டு. கொஞ்சம் அழுக்குப் படிந்த பிறகு அது புதிதாக இருந்ததைவிட நன்றாக வடிகட்டும். படிந்த அழுக்கே இன்னொரு சல்லடையாகிறது. ஆகவே குறித்த கெடுவுக்கு வெகுமுன்னதாக மாற்றுவதில் லாபம் கடைக்காரருக்கே. ஆனால் கெடு தாண்டினால் டீசல் பாய்வது தடைபடும், பிரிப்பானில் நிரம்பிய தண்ணீர் பம்பை நோக்கிப் போய்விடும். விற்பனைத் தந்திரம் என்றால் பெட்ரோல் கார்களில் நடந்ததை எப்படி விளக்குவது? 1999-ல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதிக்கு யூரோ மாசு விதிகளை விரைவுபடுத்திய பிறகு இங்கே கார்புரேட்டர் மறைந்து இன்ஜெக்‌ஷன் வந்தது. ஃபில்டர் மெல்ல மெல்ல டேங்குக்குள், பம்போடு சேர்ந்த ஒரே பாகமாகப் போனது. பல மாடல்களின் அட்டவணையில் அதை மாற்றும் வரியே இல்லை. வழக்கமாக விற்றுக்கொண்டிருந்த பாகத்தைக் கம்பெனிகளே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. பெட்ரோல் போர்ட் இன்ஜெக்டரின் அழுத்தம் சில பார்களே. அது டீசல் பம்பைவிட எவ்வளவோ பொறுமைசாலி என்பதால்தான் அப்படி எடுக்க முடிந்தது.

அந்த முடிவிலும் ஒரு குறை உண்டு. ஆயுள் முழுவதும் தாங்கும் என்ற கணக்கு, அந்த மாடலை வடிவமைத்தபோது இருந்த பெட்ரோலுக்குப் போட்டது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-லிருந்து பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், டேங்கில் பழைய படிவுகளை இளக்கிவிடும். பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர் அட்டவணையில் இல்லை என்பதற்காக ஃபில்டரை மறந்துவிட வேண்டாம். இழுவை குறைந்தால் முதலில் ஃபியூயல் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள், குறைந்திருந்தால் மட்டும் டேங்கைத் திறக்கட்டும். டீசல் கார்க்காரர்கள் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் அன்றே வடித்துவிடச் சொல்லுங்கள், புது ஃபில்டரில் கேன் டீசலை ஊற்ற விடாதீர்கள், கழற்றிய ஃபில்டரைக் கேட்டு வாங்கி அதிலிருக்கும் டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். அடியில் தண்ணீர் தங்கினால் பங்கை மாற்றுங்கள்.