70 வயசுக்கு மேல மாற்று இதயம் பொருத்தலாமா? டாக்டர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்க முன்னாள் துணை அதிபர் டிக் செனிக்கு 2012 மார்ச் மாதம் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 71. ‘கிடைக்கிற இதயமே கொஞ்சம்தான், அதை ஒரு இளைஞருக்குக் கொடுத்திருக்கலாமே’ என்ற விவாதம் அப்போதே கிளம்பியது. அந்த இதயத்தோடு 13 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த செனி, 2025 நவம்பரில் 84 வயதில் காலமானார்.

அப்படின்னா வயதானவர்கள் எல்லோருக்கும் இது சரிப்பட்டு வருமா?

வயது வரம்பு உண்டா?

உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்தது. டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த அந்த சிகிச்சைக்குப் பிறகு நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆனாலும் 50, 55 வயதைத் தாண்டியவர்களை மருத்துவமனைகள் தயக்கத்தோடுதான் பார்த்தன.

இப்போதைய சர்வதேச வழிகாட்டுதலின்படி, 70 வயது வரை உள்ளவர்களைப் பரிசீலிக்கலாம். அதற்கு மேல் என்றால் மிகக் கவனமாகத் தேர்வு செய்ய வேண்டும்.

எவ்வளவு காலம் வாழலாம்?

மாற்று இதயம் பெறும் பெரியவர்களில் சுமார் பாதிப் பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். முதல் ஆண்டுதான் கண்டம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் காலம் சராசரியாகக் குறைவு. ஆனால், சரியாகத் தேர்வு செய்யப்பட்டால் 60-களில் உள்ளவர்களுக்கு ஓரளவு நெருக்கமான பலன் கிடைக்கிறது.

முதியவர்களுக்கு என்ன சிக்கல்?

வயது கூடும்போது நோய் எதிர்ப்பு சக்தி குறையும். அதனால் புது இதயத்தை உடல் நிராகரிக்கும் ஆபத்து கொஞ்சம் குறைவு. ஆனா அதே காரணத்தால் தொற்றும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு அதிகம். நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்க சாப்பிட வேண்டும். அவை சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

டாக்டர்கள் எதைப் பார்ப்பார்கள்?

• சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் எப்படி இயங்குகின்றன
• கட்டுப்படாத சர்க்கரை நோய், அண்மையில் வந்த புற்றுநோய் உண்டா
• நடை வேகம், கைப்பிடி வலு, ஞாபக சக்தி
• வேளா வேளைக்கு மாத்திரை கொடுத்து கவனிக்க வீட்டில் ஆள் இருக்கிறார்களா

இளைஞர்களின் வாய்ப்பு பறிபோகிறதா?

நியாயமான கேள்விதான். இதற்காக அமெரிக்காவின் யுசிஎல்ஏ மருத்துவமனை 1990-களில் ஒரு தனிப் பட்டியல் தொடங்கியது. வயது கூடிய கொடையாளரின் இதயம் போல, வழக்கமான பட்டியலில் இருப்பவர்களுக்குப் பயன்படுத்தாமல் விடப்படும் இதயங்கள் அதில் உள்ள முதியவர்களுக்குப் பொருத்தப்பட்டன.

வேறு வழி இருக்கா?

இருக்கு. இதயத்தின் இடது கீழறைக்கு உதவும் ‘எல்வேட்’ என்ற பம்ப்பைப் பொருத்தலாம். சிலருக்கு இது மாற்று இதயம் கிடைக்கும் வரையிலான ஏற்பாடு, சிலருக்கு இதுவே நிரந்தர சிகிச்சை. செனியும் 2010-ல் இந்தக் கருவியைப் பொருத்திக்கொண்டார். மாற்று இதயத்துக்காக சுமார் 20 மாதங்கள் காத்திருந்தார்.

செனிக்குக் கிடைத்த 13 ஆண்டுகள் எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதே நேரம், ‘வயசாயிடுச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது’ என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடவும் கூடாது. இதய செயலிழப்பு முற்றி மற்ற உறுப்புகள் கெடும் முன்பே, இதய மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனையில் ஆலோசனை கேட்பது நல்லது. தாமதித்தால், வயது தடையாக இல்லாவிட்டாலும் உடல்நிலை தடையாகிவிடலாம்.