சந்தாவும் சான்றும்: அமெரிக்கப் பறக்கும் தட்டு ஆய்வுக் குழுக்களின் நம்பகத்தன்மை

பறக்கும் தட்டுகளை ஆர்வத்தின் பேரில் ஆராயும் குழுக்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: வானில் கண்டதாகச் சொன்னவை உண்மையா? அந்தக் கேள்வியை இங்கே எடுக்கப்போவதில்லை. சட்ட அதிகாரமோ ஆய்வுக்கூடமோ பல்கலைக்கழகத்தின் நிழலோ இல்லாத ஒரு குழு தன் சொல்லைப் பிறர் ஏற்கும்படி எவ்வாறு செய்துகொள்கிறது என்பதே நம் பொருள். இக்குழுக்களின் பெயர் கெட்டதற்கு விசாரிக்கத் தெரியாமை ஓரளவுக்குத்தான் காரணம். அவை வாழ்ந்த பிழைப்பு முறையே பெரிய காரணம் என்பது என் வாதம். உறுப்பினர் சந்தாவை நம்பியிருக்கும் குழுவுக்குத் தகவல் சான்றாகவும் இருக்கிறது, சரக்காகவும் இருக்கிறது. விடை கிடைத்துவிட்ட சம்பவம் நல்ல சான்று. ஆனால் அது விலைபோகாது.

வான் நிகழ்வுகள் பற்றிய தேசியப் புலனாய்வுக் குழு என்ற நீண்ட பெயரின் சுருக்கமான நைகாப், 1956இல் வாஷிங்டனில் தோன்றியது. தொடங்கியவர் தாமஸ் டவுன்சென்ட் பிரவுன். 1957 ஜனவரியில் பொறுப்பு டொனால்ட் கீஹோவிடம் வந்தது. அவர் மரைன் படையின் ஓய்வு பெற்ற மேஜர். பறக்கும் தட்டுகள் மெய்யே என்று வாதிட்டு 1950இல் அவர் எழுதிய நூல் லட்சக்கணக்கில் விற்றிருந்தது. விமானப் படை உண்மையை மறைக்கிறது, நாடாளுமன்றம் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. ஆக, புலனாய்வுக் குழு என்ற பெயருடன் பிறந்த அமைப்புக்குத் தீர்ப்பு முன்பே தெரிந்திருந்தது.

நம்பகத்தன்மையைக் கீஹோ கடனாக வாங்கினார். நிர்வாகக் குழுவில் படைத்துறையின் உயர் அதிகாரிகளும் பேராசிரியர்களும் மதகுருமாரும் இருந்தனர். சி.ஐ.ஏ.வின் முதல் இயக்குநரான வைஸ் அட்மிரல் ரோஸ்கோ ஹில்லன்கோட்டரே அதில் இருந்தார். அவர் பெயருக்கு முன்னால் வேறு வாதம் தேவைப்படவில்லை. 1962இல் அவர் விலகியபோது அந்த மதிப்பும் கூடவே போயிற்று. கடனுக்கு வட்டியும் இருந்தது. 1969 டிசம்பரில் கீஹோவைப் பதவியிலிருந்து இறக்கியதில் முன்னின்ற ஜோசப் பிரையன் முன்பு சி.ஐ.ஏ.வில் உளப்போர்ப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. நைகாப்பை உளவுத் துறையே உள்ளே புகுந்து கெடுத்தது என்ற கதை இன்றும் உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை; உறுப்பினர் குறைந்து பணமும் வற்றிய ஒரு சங்கம் படுத்துவிட ஒற்றன் எதற்கு? ஆயினும் பெரிய மனிதர்களைக் காட்டி நம்பச் சொன்னவர்கள், அதே பெரிய மனிதர்களைக் காட்டிச் சந்தேகிக்கப்பட்டதில் ஒரு நியாயம் உண்டு.

நைகாப் எதை வெளியிட்டது என்பதைப் போலவே எதை ஒதுக்கியது என்பதும் கவனிக்கத்தக்கது. வெள்ளிக் கோளிலிருந்து வந்தவர்களோடு பேசியதாகச் சொன்ன ஜார்ஜ் ஆடம்ஸ்கி போன்றோரை அது அண்டவிடவில்லை. அது சரிதான். ஆனால் தட்டுக்குள் ஆள் தெரிந்தது என்று யார் சொன்னாலும் கீஹோவுக்குச் சங்கடமாக இருந்தது. கோரல், ஜிம் லாரன்சன் தம்பதியர் 1952இல் தொடங்கிய அப்ரோ அமைப்போ அத்தகைய அறிக்கைகளையும் வாங்கிப் பதிவுசெய்துகொண்டது. எந்தச் சாட்சியம் வலுவானது என்று கேட்க வேண்டிய இடத்தில், எது கேலிக்கு இடம் தராது என்று நைகாப் கேட்டது. 1964இல் ரிச்சர்ட் ஹால் தொகுத்த அதன் பெரிய ஆவண நூல், 5,000க்கும் மேற்பட்ட அறிக்கைகளிலிருந்து 746ஐத் தேர்ந்து, நாடாளுமன்ற உறுப்பினர்களின் மேசைக்குப் போயிற்று. விமானிகள், காவலர்கள், பொறியாளர்கள், படையினர் ஆகியோரின் சாட்சியங்கள் அதில் முன்னிறுத்தப்பட்டன. இத்தனை பொறுப்புள்ளவர்கள் ஏமாறுவார்களா என்பது அந்நூலின் உள்ளோட்டமான வாதம். தேர்வுக்கு வைத்த அளவுகோலே முடிவாகத் திரும்பி வந்தது. விலக்கப்பட்ட நாலாயிரத்துச் சொச்சம் அறிக்கைகள் வாசகரின் கண்ணில் படவில்லை. விமானப் படையின் வானியல் ஆலோசகராக இருந்த ஆலன் ஹைனெக், பின்னாளில் அப்படையின் கோப்புகளை மறுபடி ஆராய்ந்தபோது, விமானிகள் இவ்விஷயத்தில் சிறந்த சாட்சிகள் அல்லர் என்று கண்டார்.

நம்பகத்தன்மை எதிர்பாராத வழியிலும் வந்தது. 1958 ஜனவரி 22 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் நேரலையில், முன்கூட்டி ஒப்புக்கொள்ளப்பட்ட உரையை விட்டு விலகிக் கீஹோ பேசத் தொடங்கியதும் ஒலி துண்டிக்கப்பட்டது. மறைக்கிறார்கள் என்று அவர் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததை அந்த மௌனம் நிரூபித்துவிட்டதாகப் பலர் எண்ணினர். இவ்வகை விளம்பரத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

விளம்பரம் தேடுவதைவிடச் சாட்சிகளின் பெயரைக் காப்பது சிக்கலானது. 1961 செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் பெட்டி, பார்னி ஹில் தம்பதியருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் பறக்கும் தட்டு அனுபவத்தைப் பெட்டியே கீஹோவுக்கு எழுதினார். பாஸ்டன் ஹேடன் கோளரங்கத்தின் வால்டர் வெப் அடுத்த மாதமே நைகாப் சார்பில் அவர்களை நேரில் விசாரித்தார். தம்பதியர் விளம்பரத்தை விரும்பவில்லை. நைகாப்பும் வாயைத் திறக்கவில்லை. பாராட்டத்தக்க நடத்தைதான். ஆனால் 1964இல் ஒரு மனநல மருத்துவர் அவர்களை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தினார். 1965 அக்டோபரில் பாஸ்டன் நாளிதழ் ஒன்று அவர்கள் சம்மதமில்லாமலே கதையை அச்சேற்றியது. மறு ஆண்டு ஜான் ஃபுல்லரின் நூல் வந்தது. சம்பவத்துக்கு மிக அருகில், ஹிப்னாடிசத்துக்கு முன் எடுத்த வாக்குமூலம் கோப்பில் கிடக்க, பொதுமக்களின் மனத்தில் முதலில் பதிந்தது, தட்டுக்குள் கடத்திச் செல்லப்பட்டதாகச் சொல்லும் அதற்குப் பிந்தைய வடிவம். பெயரை நீக்கிவிட்டு உரிய காலத்தில் வெளியிட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிட யாராலும் முடிந்திருக்கும். பிரான்சின் விண்வெளி நிறுவனம் தன் கோப்புகளை 2007 முதல் அப்படித்தான் திறந்து வைத்திருக்கிறது. ஆளைக் காப்பதையும் கோப்பைப் பூட்டுவதையும் நைகாப் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

1966 வாக்கில் நைகாப்பின் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 14,000. அந்த ஆண்டுதான் நாடெங்கும் வான்காட்சிச் செய்திகள் குவிந்தன. நாடாளுமன்றக் குழுவும் விசாரித்தது. பின்னர் இயற்பியலாளர் எட்வர்ட் காண்டன் தலைமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுக்கு நைகாப் அறிக்கைகளைக் கொடுத்து உதவியது. 1968இல் அதோடு முறித்துக்கொண்டது. மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பயனில்லை என்று 1969 ஜனவரியில் காண்டன் அறிக்கை முடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பறக்கும் தட்டு அறிக்கைகளை விசாரித்துவந்த தன் புளூ புக் திட்டத்தை விமானப் படை மூடியது. 12,618 அறிக்கைகளில் 701 விடை காணப்படாதவை என்பது அத்திட்டத்தின் கணக்கு. எதிர்ப்பதற்கு விமானப் படை இல்லாமல் போனபின் நைகாப்புக்கு உறுப்பினர்களைச் சேர்த்துவைக்க வேறு காரணம் இருக்கவில்லை.

1969இல் தொடங்கிய மியூஃபான் என்ற மற்றோர் ஆய்வுக் குழுவிடம் நைகாப்பைவிடச் சீரான முறை இருந்தது. களப் புலனாய்வாளராக விரும்புவோர் கைநூலைப் படித்துத் தேர்வும் எழுத வேண்டும். அந்த முறை எவ்வளவு தாங்கும் என்பதை ஃபுளோரிடாவின் கல்ஃப் பிரீஸ் நகரம் காட்டியது. 1987 நவம்பரில் அவ்வூர்ப் பத்திரிகையில் தட்டின் படங்கள் பெயரில்லாமல் வெளிவந்தன. எடுத்தவர் எட் வால்டர்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர். மியூஃபான் முத்திரையிட்ட கேமராவைக் கொடுத்து அவரைச் சோதித்தது. அதுவரை முறை சரி. ஆனால் விசாரணை முடியும் முன்னரே அமைப்பின் தலைமை படங்களை மெச்சிப் பேசத் தொடங்கிவிட்டது. 1990 ஜூனில், வால்டர்ஸ் முன்பு குடியிருந்த வீட்டின் பரணில் தட்டின் மாதிரி ஒன்று கிடைத்ததாகப் பக்கத்து ஊரான பென்சகோலாவின் நாளிதழ் எழுதியது. தன்னை மாட்டிவிட யாரோ வைத்தது என்று அவர் மறுத்தார். மறு விசாரணையை ஏற்ற மியூஃபானின் சொந்தப் புலனாய்வாளர்களே சில படங்கள் போலியாக இருக்கக்கூடும் என்று முடிவு கண்டபோது தலைமை அதை ஏற்கவில்லை. மாதிரி கிடைத்த செய்தி வந்த அடுத்த மாதம் அமைப்பின் ஆண்டு மாநாடு பென்சகோலாவிலேயே நடந்தது.

இதைத் தலைவர் ஒருவரின் பிடிவாதம் என்று தள்ளிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மாநாட்டுக்கு இடம் குறித்தாகிவிட்டது, கட்டணம் வாங்கியாகிவிட்டது, இதழில் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. அந்த நிலையில் பின்வாங்குவதற்கு ஒரு விலை உண்டு. பின்வாங்காமல் இருப்பதற்கு உடனடியாக ஒரு விலையும் இல்லை. 2009இல் தொழிலதிபர் ராபர்ட் பிகலோவின் நிறுவனத்தோடு மியூஃபான் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் இதே குறை வேறு வடிவில் தெரிந்தது: களப்பணிக்குப் பணம் வந்தது, அதன் பின்னால் பாதுகாப்புத் துறையின் உளவு அமைப்பு இருந்தது என்பது சாதாரண உறுப்பினர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

மாற்று வழி ஒன்று நடந்து காட்டப்பட்டிருக்கிறது. 1973இல் ஹைனெக் தொடங்கிய பறக்கும் தட்டு ஆய்வு மையமான கூஃபோஸில் ஆலன் ஹென்ட்ரி முழுநேரமாக அறிக்கைகளை விசாரித்தார். 1979இல் வந்த அவருடைய நூலில் 1,307 அறிக்கைகள் உள்ளன. 88.6 விழுக்காட்டுக்குச் சாதாரண விளக்கம் கிடைத்தது, 8.6 விழுக்காடுதான் விடையின்றி நின்றது. அந்நூலின் மதிப்பு இந்த எண்ணில் இல்லை, விடை கிடைத்தவற்றை அவர் விரித்து எழுதியதில் இருக்கிறது. இரவில் விளக்கெழுத்துகளைக் காட்டியபடி பறக்கும் விளம்பர விமானங்களைச் சாய்கோணத்தில் பார்த்தவர்கள், எழுத்துகளைப் படிக்க இயலாமல், சுழலும் தட்டு என்றும் அதன் மேல் குவிமாடம் என்றும் விவரித்தனர். பார்த்த விளக்குகள் உண்மை. தட்டையும் குவிமாடத்தையும் மனம் சேர்த்துக்கொண்டது. பொய்யர்கள் மிகச் சிலரே. எந்த விளம்பர விமானம் எந்த ஊர்மேல் எந்த நேரத்தில் பறந்தது என்று தேடிப் பிடித்தவர் சொல்லும்போதுதான், எஞ்சிய 8.6 விழுக்காட்டைப் பற்றி அவர் சொல்வதையும் கேட்கத் தோன்றுகிறது.

2015 மே 5 அன்று மெக்சிகோ நகரில், கட்டணம் வைத்து, ராஸ்வெல் அருகே தட்டோடு விழுந்ததாகச் சொல்லப்படும் வேற்றுக்கிரகவாசியின் உடல் என்று இரண்டு ஸ்லைடுகள் காட்டப்பட்டன. அதுவரை தெளிவான படப்பிரதியை ஏற்பாட்டாளர்கள் வெளியே விடவில்லை. விட்ட சில நாள்களுக்குள், இணையத்தில் ஒன்றுகூடிய தன்னார்வலர் சிலர் உடலருகே மங்கலாகத் தெரிந்த அறிவிப்பு அட்டையை மென்பொருளால் துலக்கிப் படித்துவிட்டனர்: இரண்டு வயதுச் சிறுவனின் பதப்பட்ட உடல். மெசா வெர்டே அருங்காட்சியகத்தில் இருந்த காட்சிப்பொருள் அது. அத்தன்னார்வலர்களில் பலர் பறக்கும் தட்டு ஆய்வில் ஊறியவர்களே. அவர்களுடைய குழுவுக்குச் சந்தா இல்லை, இதழ் இல்லை, மாநாடு இல்லை. ஸ்லைடு பொய்யாகிப்போனால் அவர்களுக்கு நட்டமும் இல்லை.

என் வாதத்துக்கு எதிராக இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழுவுக்குக் கோப்பறையும் இல்லை. 1980இல் நைகாப் மூடப்பட்டபோது அதன் கோப்புகள் கூஃபோஸுக்குப் போயின. 1950கள், 60களின் மூல வாக்குமூலங்கள் இன்று ஆய்வாளர் கைக்கு எட்டுவது அன்று பல்லாயிரம் பேர் கட்டிய சந்தாவால்தான். ஆகவே சந்தாவை ஒழிக்கச் சொல்வதில் பொருளில்லை. அது புதிய புதிரைத் தேடும் இதழுக்குப் போகிறதா, பழைய தாளைக் காக்கும் கிடங்குக்குப் போகிறதா என்று கேட்கலாம். சுவீடனில் 1973இல் தொடங்கி, இன்று நோர்ஷெப்பிங் நகரில் இயங்கும் ஏ.எஃப்.யு. ஆவணகம் இரண்டாவதைச் செய்துவருகிறது. கலைந்துபோன குழுக்களின் தொகுப்புகள் வேறு நாடுகளிலிருந்தும் அங்கே வந்து சேர்கின்றன. விடை கிடைத்த அறிக்கையும் கிடைக்காத அறிக்கையும் அங்கே ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.