ஓடும் நீரும் நுண்துளைத் திண்மமும்

அணுக்கருக் காந்த ஒத்திசைவின் வரலாற்றை நம் வகுப்பறைகளில் 1946-இல் பர்செல், பிளாக் ஆகியோரிடம் தொடங்கி, 1952-ஆம் ஆண்டு நோபல் பரிசைக் குறிப்பிட்டு, நேரே 1953-இல் ஓவர்ஹவுசரிடம் செல்கிறோம். இடையில் ஒரு பெங்களூர்ச் சோதனை விடுபட்டுப்போகிறது. பிரேசர் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன், ஓடும் திரவங்களில் இவ்வொத்திசைவை ஆராய்ந்து 1951-இல் வெளியிட்டார்.

இம்முறையின் பிறவிக் குறை சமிக்ஞையின் மெலிவு. அறை வெப்பநிலையில், 1 டெஸ்லா புலத்தில், புலத்தோடு இசைந்து நிற்கும் புரோட்டான்களின் மிகுதி பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ மூன்றுதான். வானொலி அலையின் வலிமையைக் கூட்டினால் அச்சிறு மிகுதியும் அழியும்; இதுவே தெவிட்டல். சூர்யன், காந்த முனைகளுக்கிடையே வைத்த யு வடிவக் குழாயில் நீரை ஓடவிட்டார். ஓட்டம் விரைய விரையச் சமிக்ஞை வளர்ந்தது. தெவிட்டிய அணுக்கருக்கள் கம்பிச்சுருளை விட்டு நீங்க, புலத்தில் முன்னரே முனைவுற்றவை அவ்விடத்தை நிரப்பின. 1959-இல் சிங்கர் எலி வாலின் குருதியோட்டத்தை அளந்ததும் இதே நெறியில்தான்.

ஓவர்ஹவுசர் காட்டிய வழி வேறு. இணைசேரா எலெக்ட்ரான்களின் முனைவை அணுக்கருவுக்கு மாற்றினால், புரோட்டான் சமிக்ஞை கோட்பாட்டளவில் சுமார் 660 மடங்கு உயரலாம். ஆனால் எலெக்ட்ரானைத் தாங்கும் தனி உறுப்பு கரைசலிலேயே தங்கினால், ஈட்டிய முனைவை அதுவே விரைந்து தேய்க்கும். 2014-இல் லியான், லொசான், சூரிச் ஆய்வாளர்கள் இதற்கொரு திண்மத்தை வடிவமைத்தனர். நுண்துளைச் சிலிக்காவில் தனி உறுப்புகளைப் பிணைத்தனர். துளைகளில் கரைசலை நிரப்பி, உறையவைத்து, நுண்ணலையால் முனைவூட்டினர். பின்னர்ச் சூடான கரைப்பானால் உருக்கி வெளியேற்றினர். திண்மத்தை வடிகட்டி நீக்கியபின் கிடைத்தது தனி உறுப்பற்ற, முனைவுற்ற தூய திரவம்.

சூர்யனின் குழாயிலிருந்து இச்சிலிக்காவுக்கு நேர்வழி மரபு உண்டென்று நான் வாதிடவில்லை. இரண்டிலும் உள்ள தருக்கம் ஒன்று: முனைவூட்டும் இடம் வேறு, அளக்கும் இடம் வேறு, இடைப்பட்ட பயணம் முனைவின் ஆயுளுக்குள் முடியவேண்டும். தூய நீரில் அவ்வாயுள் சில நொடிகளே. துளையின் அளவையும் உறுப்புகளின் இடைவெளியையும் கணக்கிடும் மாணவர், இக்கால நெருக்கடியை 1951-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எளிய வடிவில் காணலாம். பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவது ஊர்ப்பற்றுக்காக அன்று; கருத்தைத் தெளிவாக விளக்குவதற்காகவே.