சொந்த முகத்தை விற்கும் உரிமை

1852 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள வின்னிபெசாக்கி ஏரியில் ஹார்வர்டு, யேல் கல்லூரி மாணவர்கள் படகுப் பந்தயத்தில் இறங்கினார்கள். அந்நாட்டில் இரண்டு கல்லூரிகள் விளையாட்டில் மோதிக்கொண்டது அதுவே முதல் முறை. ஹார்வர்டின் ‘ஒனைடா’ படகு ஜெயித்தது. பந்தயம் நடத்தும் யோசனை வந்தது கல்லூரிகளிடமிருந்து அல்ல, அந்தப் பக்கம் ரயில் விட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பெனியிடமிருந்து. பந்தயம் பார்க்கக் கூட்டம் திரளும், டிக்கெட் விற்கும் என்று கணக்குப் போட்ட கம்பெனி அதிகாரி, மாணவர்களின் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் தாமே செலவு செய்வதாக ஒப்புக்கொண்டார்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டோடு வியாபாரமும் அன்றே கூடப் பிறந்துவிட்டது. ஆனால் ஆடுகிற மாணவர் தன் பெயரையும் முகத்தையும் வைத்து ஒளிவுமறைவில்லாமல் சம்பாதிக்க நாடு முழுவதும் அனுமதி கிடைத்தது 2021 ஜூலை 1 அன்றுதான். நடுவில் ஓடிய 169 ஆண்டுகளிலும் தகராறு ஒன்றே ஒன்று: வந்த பணத்தில் ஆடியவருக்குப் பங்கு உண்டா?

ஆரம்ப காலத்தில் கட்டுப்பாடு என்று பெரிதாக எதுவும் இல்லை. 1904-ல் யேல் கால்பந்து அணியின் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ஹோகன். இங்கே கால்பந்து என்பது கையில் பந்தை ஏந்தி ஓடி முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து. ஹோகனுக்குப் படிப்புச் செலவு கிடையாது, சாப்பாடும் இலவசம். கல்லூரியின் வசதியான விடுதியில் அறைகள் கொடுத்தார்கள். சீசன் முடிந்ததும் கியூபாவுக்குச் சுற்றுலா. போட்டி நாட்களில் விற்கும் ஆட்ட விவரப் புத்தகத்தின் லாபத்திலும் பங்கு. இவற்றோடு, நியூ ஹேவன் ஊரில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் சிகரெட் விற்பனைக்கு கமிஷன். மறு வருடமே ‘மெக்ளூர்ஸ்’ பத்திரிகை இதையெல்லாம் பட்டியல் போட்டு அம்பலப்படுத்தியது. கல்லூரி வீரரின் புகழுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே சிகரெட் வியாபாரிகள் புரிந்துவைத்திருந்தார்கள்.

அப்போது மைதானங்களில் உயிர்ப்பலியும் அதிகமாக இருந்தது. ஆட்டத்தில் அடிபட்டு இளைஞர்கள் சாவதைக் கண்டு, 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-ல் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. 1910-ல் அதற்கு இன்றைய பெயர் வந்தது: என்.சி.ஏ.ஏ. ஊதியம் வாங்காமல் ஆடுவதே கல்லூரி விளையாட்டின் அறம் என்று சங்கம் அறிவித்தது. மீறுகிறவரைத் தண்டிக்கும் அதிகாரம் மட்டும் அதனிடம் இல்லை. 1929-ல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் வீரர்களுக்குப் பணஉதவி செய்ததைக் காட்டியது.

வெளிப்படையாகச் சம்பாதிக்க நினைத்தவருக்குக் கல்லூரியை விட்டு வெளியேறுவதே வழி. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச் கோடை விடுமுறையில் வீட்டுக்கு வீடு ஐஸ் கட்டி சுமந்தவர். 1925 நவம்பரில் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை முடித்த கையோடு சிகாகோ பேர்ஸ் தொழில்முறை அணியில் சேர்ந்தார். உடனே அவர் பெயரில் மிட்டாய் வந்தது, பொம்மை வந்தது, சினிமா வாய்ப்பும் வந்தது. பணத்துக்காகப் படிப்பை விட்டார் என்று கல்லூரி உலகம் அவரைத் தூற்றியது.

1951-ல் என்.சி.ஏ.ஏ.வின் முதல் நிர்வாக இயக்குநராக வால்டர் பையர்ஸ் பொறுப்பேற்றார். 1956-ல், குடும்பத்தின் வசதி எதையும் பார்க்காமல் விளையாட்டுத் திறமைக்கே ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று விதி மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு கொலராடோவில் ஒரு மரணம் நிகழ்ந்திருந்தது. ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, அதனால் அவர் தொழிலாளி ஆகமாட்டார் என்று 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஒரு விதவையின் கோரிக்கை இப்படி முடிந்தது. இத்தகைய வழக்குகளுக்குப் பயந்துதான் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற பெயரை உருவாக்கி எல்லா விதிகளிலும் எழுத வைத்ததாகப் பையர்ஸ் பிற்பாடு ஒப்புக்கொண்டார். 1995-ல் அவர் எழுதிய நினைவு நூல், தாமே கட்டிக் காத்த அமைப்பு வீரர்களைச் சுரண்டுகிறது என்று குற்றம்சாட்டியது.

இதற்கிடையே தொலைக்காட்சி வந்து எல்லாவற்றையும் பெரிதாக்கியது. கால்பந்து ஒளிபரப்பு உரிமையை என்.சி.ஏ.ஏ. தன் கையில் மட்டும் வைத்திருக்கக் கூடாது என்று 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு உரிமைகளை விற்றன. 2010-ல் ஆடவர் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்புக்கு மட்டும் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் ஒப்பந்தம் ஆனது. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் ஆளுநருக்கு அல்ல, பல்கலைக்கழகக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு.

அதே 2010-ல் ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர் ஏ.ஜே. கிரீன், தான் அணிந்து ஆடிய ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார். தண்டனையாக நான்கு ஆட்டங்களில் இறங்கத் தடை. அவர் வெளியே உட்கார்ந்திருந்த வாரங்களிலும் அவருடைய 8-ம் எண் ஜெர்சி கடையில் விற்றுக்கொண்டேதான் இருந்தது. பனிச்சறுக்கில் ஒலிம்பிக் வரை போன ஜெரமி புளூம், கொலராடோ பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்தும் ஆடினார். பனிச்சறுக்குக்காகக் கிடைத்த விளம்பர வருமானம்கூடக் கூடாது என்றார்கள். நீதிமன்றம் போயும் 2004-ல் தோற்றார். 2017-ல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் டொனால்ட் டி லா ஹே, தன் யூடியூப் சேனல் வருமானம் தொடர்பாகப் போடப்பட்ட நிபந்தனைகளை ஏற்க மறுத்து ஸ்காலர்ஷிப்பை இழந்தார். இசை படிக்கும் மாணவர் கச்சேரி செய்து சம்பாதித்தால் எந்தக் கல்லூரியும் கேட்காது. ஓடியாடும் மாணவருக்கு மட்டும் அது குற்றமாக இருந்தது பெரும் அநியாயம்.

இந்தச் சுவரில் முதல் பெரிய விரிசலை ஏற்படுத்தியவர் எட் ஓபேனன். 1995-ல் யு.சி.எல்.ஏ. கூடைப்பந்து அணி சாம்பியன் ஆனபோது அதன் நட்சத்திரம் அவர். ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவர் வீட்டில் வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் யு.சி.எல்.ஏ. உடையில் ஒருவர்: 31-ம் எண், மொட்டைத் தலை, இடது கை ஆட்டம். பெயர் மட்டும் இல்லை. அது தான்தான் என்று ஓபேனனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. யாரும் ஒரு காசு தரவில்லை. 2009-ல் வழக்குத் தொடுத்தார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன், என்.சி.ஏ.ஏ. விதிகள் போட்டிச் சட்டத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தார். வீடியோ கேம் தொடர்பான வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள, கேம் நிறுவனமான ஈ.ஏ. தரப்பும் என்.சி.ஏ.ஏ.வும் மொத்தம் 6 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. 2013-க்குப் பிறகு கல்லூரிக் கால்பந்து கேம் வருவதே நின்றுபோனது.

2019 செப்டம்பர் 30 அன்று கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம், கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநில செனட்டர் நான்ஸி ஸ்கின்னர் கொண்டுவந்த அந்தச் சட்டம், தன் பெயர், உருவம், சாயல் மூலம் சம்பாதிக்கும் மாணவரைக் கல்லூரிகள் தண்டிக்கக் கூடாது என்றது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒருமித்து நின்றார்கள். அது கல்விசார் சலுகைகள் பற்றிய வழக்குதான். ஆனாலும் சங்கம் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல என்று நீதிபதி கவனா எழுதியது எல்லாக் கதவுகளையும் தட்டியது. பத்தே நாளில் பழைய விதி போனது.

ஜூலை 1 நள்ளிரவு தாண்டியதும் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரத் திரையில் இரட்டைச் சகோதரிகள் ஹானா, ஹேலி கேவிண்டரின் முகங்கள் ஒளிர்ந்தன. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய இவர்களை டிக்டாக்கில் லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். பூஸ்ட் மொபைல் கம்பெனியுடன் ஒப்பந்தம். பெண்கள் விளையாட்டுக்குச் சந்தை இல்லை என்ற பழைய வாதம் அந்த முதல் இரவிலேயே அடிபட்டது. பின்னர் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை லிவி டன், கூடைப்பந்தின் கெய்ட்லின் கிளார்க் ஆகியோர் அதை முழுமையாகவே பொய்யாக்கினார்கள்.

சங்கடங்களும் வந்தன. பணக்கார ஆதரவாளர்கள் கூட்டாக நிதி திரட்டி, விளம்பரம் என்ற பெயரில் வீரர்களை விலைக்கு இழுக்கத் தொடங்கினார்கள். 2022-ல் கூடைப்பந்து வீரர் நைஜல் பேக் மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது இரண்டு ஆண்டுகளுக்கு 8 லட்சம் டாலர், கூடவே ஒரு கார் என்று அறிவிப்பு வந்தது. 2024-ல் திரும்பிவந்த கல்லூரிக் கால்பந்து கேமில் இடம்பெறச் சம்மதித்தவர்களுக்குத் தலைக்கு 600 டாலர் கிடைத்தது. 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்திருந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். ஒவ்வொரு கல்லூரியும் வீரர்களோடு முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம் என்றும் ஆனது. இழப்பீட்டில் பெரும்பகுதி ஆடவர் ஆட்டங்களுக்கே போகிறது என்று பெண்கள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

இந்த வரலாற்றில் நம் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் உண்டு. டென்னிஸ் போன்ற ஆட்டங்களில் ஸ்காலர்ஷிப் பெற்று இந்தியாவிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் அங்கே எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறார்கள். அந்த விசா வேலை செய்து சம்பாதிப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது; பக்கத்தில் ஆடும் அமெரிக்க மாணவர் தயங்காமல் செய்யும் விளம்பரம் இவர்களின் விசாவுக்கே ஆபத்தாகலாம். பிள்ளையை அங்கே அனுப்பும் பெற்றோரே, எந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் வந்தாலும், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.