உள்நாட்டுப் போர் வில்லைகள் (அமெரிக்கா)

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 முதல் 1864 வரை, வணிகர்கள் காசுக்குப் பதிலாக வெளியிட்ட உலோக வில்லைகள். போர் அச்சத்தில் மக்கள் பொன்னையும் வெள்ளியையும் பதுக்கினர். பிறகு செப்பு-நிக்கல் சென்ட்டும் மறைந்தது. சில்லறையின்றிக் கடைக்காரர்கள் தவித்தனர்.

வில்லைகள் பெரும்பாலும் செம்பாலானவை. ஏறத்தாழ 19 மி.மீ. அகலம். கடையின் பெயர் பொறித்தவை ஒரு வகை. கொடி, தலைவர் உருவம் போன்ற நாட்டுப்பற்றுச் சின்னங்கள் கொண்டவை இன்னொரு வகை. சிலவற்றில் ‘ஒன் சென்ட்’ என்பதற்கு மேலே ‘நாட்’ (அல்ல) என்று பொடி எழுத்தில் இருக்கும். கொடியை இறக்க முயல்பவனை அந்த இடத்திலேயே (‘ஆன் தி ஸ்பாட்’) சுடுமாறு கருவூலச் செயலர் ஜான் டிக்ஸ் இட்ட ஆணையைப் பொறித்த வில்லைகளில் ‘ஸ்பாட்’ என்ற சொல் ‘ஸ்பூட்’ எனப் பிழையாக விழுந்த வகையும் உண்டு.

நியூயார்க் மதுக்கடைக்காரர் குஸ்டாவஸ் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கும் மேல் வெளியிட்டார். டிராம் நிறுவனம் ஒன்று தன்னிடம் குவிந்தவற்றை மாற்றித் தரக் கேட்டபோது மறுத்துவிட்டார். 1864இல் காங்கிரஸ் தனியார் காசுகளைத் தடை செய்தது.

சேகரிப்போர் இன்றும் ஜார்ஜ் ஃபுல்ட், மெல்வின் ஃபுல்ட் வகுத்த எண்களையே பின்பற்றுகின்றனர். கடை வில்லைகளை மாநிலம், ஊர், வணிகர் என அடுக்கும் முறை அது. ஒரு சிற்றூரின் மருந்துக்கடையும் மளிகைக்கடையும் அதில் பெயரோடு நிற்கின்றன. வில்லையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பெருந்தவறு. காலத்தால் படிந்த பழுப்பு நிறம் ஒருமுறை போனால் திரும்பாது.