பெருவழியும் பிள்ளைகளும்: வாலிகண்டபுரம் கண்ட குளிர்காலப் பயணங்கள்

மார்கழியின் முற்பாதியில் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை தொடங்கியதும், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு தனிப் போக்குவரத்து தோன்றிவிடுகிறது. விடியலுக்கு முன்பே புறப்பட்ட கார்களில், கம்பளிக் குல்லாய் அணிந்த பிள்ளைகள் தாயின் மடியில் தலைசாய்த்து உறங்க, குடும்பங்கள் கொடைக்கானலை நோக்கி விரைகின்றன. பெரம்பலூர் வருவதற்குச் சற்று முன்னர், வாலிகண்டபுரம் என்னும் ஊர்ப்பெயர் பனிமூட்டத்தினிடையே ஒரு கணம் தெரிந்து மறைகிறது. அங்கே இறங்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஊரின் எல்லைக்குள் வந்ததும் அதை விட்டு நீங்கியதும் பிள்ளைகளுக்குத் தெரிவதும் இல்லை.

நூறாண்டுகளுக்கு முன்னர் இதே வழியில் பிள்ளைகளோடு சென்ற குடும்பத்திற்கு, இவ்வூர்ப் பகுதி ஒரு முழுநாளின் எல்லையாக இருந்தது. மாடுகள் களைத்துவிடும், குழந்தை பாலுக்கு அழும், பொழுது சாயும், வண்டியை அவிழ்த்தே ஆகவேண்டும். வாலிகண்டபுரத்தின் வரலாற்றை எழுதியோர் கோயிலையும் போரையும் ஆட்சி மாற்றத்தையும் எழுதியுள்ளனர். அவை எழுதப்பட வேண்டியவையே. எனினும், ஒரு சாலையின் உண்மையான வரலாறு, அதில் குழந்தைகள் அச்சமின்றிச் செல்ல முடிந்ததா என்னும் வினாவில் அடங்கியிருக்கிறது. அவ்வினாவுடன் இப்பெருவழியைப் பார்க்கும்போது வேறொரு வரலாறு புலப்படுகிறது.

ஆற்றுப்படை காட்டும் வழி

பிள்ளைகளோடு மலைக்குச் செல்லும் குடும்பப் பயணம் தமிழுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், கூத்தர் குடும்பம் ஒன்றை நன்னனின் மலைநாட்டிற்கு ஆற்றுப்படுத்துவது. பெருங்கௌசிகனார் பாடிய அப்பாட்டைப் புகழ்ப்பாட்டாக மட்டும் கொள்வது முழுமையாகாது. அது வழிச்செல்வோர்க்கான கையேடும் ஆகும். எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும், எங்கே பாம்பு கிடக்கும், எங்கே முதலை துயிலும் மடு இருக்கும் என்று புலவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார்.

அவற்றுள் ஓரிடம் இன்றைய பெற்றோரும் படிக்கத்தக்கது. காட்டாற்றின் வழுக்குநிலம் ஒன்றைக் கடக்கும்போது, பருத்த கொடிகளைப் பற்றிக்கொண்டு, ஆட்டுக்குட்டி போன்ற புல்லிய தலையையுடைய சிறுவர்களுடன், ஒருவரையொருவர் காத்துக்கொண்டு செல்லுங்கள் என்கிறார் புலவர். மன்னனின் கொடையைப் பாட வந்தவர், அம்மன்னனிடம் போய்ச் சேரும் முன்பே குழந்தைகளின் அடிகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்.

வழியைப் பேணிய அரசரும் இக்கவலையை ஓரளவு அறிந்திருந்தனர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில், நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்னும் தொலைவு எழுத்திலும் எண்ணிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அதனுடன், எழுத்தறியாதவரும் தடவி அறியுமாறு இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. எழுத்துப் பழகாத சிறுவனும் அக்கல்லைப் படிக்கலாம்.

படைகள் நடந்த சாலை

வாலிகண்டபுரத்தின் வாலீஸ்வரர் கோயில் சோழர் காலக் கல்வெட்டுகளையுடையது. வாலி வழிபட்ட தலம் என்பது ஊர்வழக்கு. அருணகிரிநாதரின் திருப்புகழில் இவ்வூர் ‘வாலிகொண்டபுரம்’ என்னும் பெயரோடு இடம்பெறுகிறது. தலம் தலமாக நடந்த அக்கவிஞரின் அடிகளும் இம்மண்ணில் பதிந்தன எனக் கொள்வது தமிழ் மரபு.

பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் அரசின் சார்பில் இப்பகுதியை ஆண்ட ஷேர்கான் லோடிக்கு இவ்வூரே தலைமையிடமாயிற்று. 1673-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்ற இடமளித்தவர் அவரே. 1677-இல் சிவாஜியின் படை தெற்கே வந்தபோது ஷேர்கான் தோற்றார். தம் நிலப்பகுதியை விட்டுக்கொடுத்ததுடன், 20,000 வராகன் செலுத்தும்வரை மூத்த மகன் இப்ராகிம் கானைப் பிணையாகவும் ஒப்படைத்தார். ஒரு தந்தை தம் மகனைப் பிரிந்த இச்செய்தி, வரலாற்று நூல்களில் உடன்படிக்கையின் ஒரு விதியாக மட்டுமே இடம்பெறுகிறது.

1751-இல் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் ஒருபுறமும், முகமது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலப் படை மறுபுறமுமாக இங்கே மோதின. ஆங்கிலப் படை கலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது. பின்னாளில் புகழ்பெற்ற கிளைவும் அப்படையில் இருந்தார். அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டை அக்காலத்தின் சான்றாக இன்றும் நிற்கிறது.

அக்காலத்துப் படைகள் தனியே நடந்தவை அல்ல. அவற்றின் பின்னே கடைகளும் பொதிமாடுகளும், வீரர்களின் மனைவியரும் பிள்ளைகளும் நடந்தனர். படைத்தலைவர்களின் பெயர்கள் ஏட்டில் நின்றன. புழுதியில் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு ஓடிய குழந்தைகளின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

கூண்டு வண்டிக் காலம்

படைகள் ஓய்ந்த பின்னர் இச்சாலை குடும்பங்களுக்கு உரியதாயிற்று. 1929-இல் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதுவும் பெரம்பலூரைத் தொடவில்லை. பெரம்பலூரில் இன்றும் தொடர்வண்டி நிலையம் கிடையாது. ஆதலால் இவ்வட்டார மக்களின் பயணம் என்றுமே சாலையைச் சார்ந்ததாக இருந்து வந்துள்ளது.

அப்பயணத்திற்கு ஏற்ற பருவம் பனிக்காலமே. பெரம்பலூர் வட்டாரத்தின் கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழைந்து சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். மார்கழியில் மண் இறுகும், ஏரியிலும் கிணற்றிலும் மாட்டுக்கும் மனிதருக்கும் நீர் இருக்கும், வெயிலும் சுடாது. வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கம் செல்வோரும், தை பிறந்ததும் உறவினர் வீட்டுக்குச் செல்வோரும் வண்டி பூட்டும் காலம் அது.

கூண்டு வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரிப்பர். கட்டுச்சோறும் தண்ணீர்க் கூஜாவும் ஒரு மூலையில் இருக்கும். வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு அசைந்தாடும். ஒரு மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் மாடு நடவாது. வாலிகண்டபுரத்திலிருந்து திருச்சி செல்ல இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பெரியவர்கள் வண்டியில் துயில, சிறுவர்கள் இறங்கி வண்டியோடு நடப்பர். களைத்தபின் மீண்டும் ஏறிக்கொள்வர். அவர்களுக்குச் சாலை என்பது மரங்களின் வரிசை, மைல்கற்களின் வரிசை, கிணறுகளின் வரிசை. எந்தப் புளியமரத்தடியில் சோறு அவிழ்த்தார்கள் என்பதை முதுமையிலும் சொல்லத்தக்க நினைவு அவர்களுக்கு இருந்தது.

ஆயினும் அப்பயணத்தை இனிமையானதாக மட்டும் கருதுதல் தவறு. திருவிழாக் கூட்டத்தோடு வாந்திபேதியும் நடந்தது. இரவில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு அடுத்த ஊர் வரையில் மருந்து இல்லை. பேறுகாலம் நெருங்கிய பெண், தாய்வீடு சேரும் முன்னரே வலி கண்டால், சாலையோர மரத்தடியே துணை.

சுமைதாங்கி

தமிழ்நாட்டுப் பழஞ்சாலைகளின் ஓரத்தில் இரண்டு செங்குத்துக் கற்களின் மேல் ஒரு கிடைக்கல் வைத்த சுமைதாங்கிகளைக் காணலாம். தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றி அதன்மேல் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளும் அமைப்பு அது. சுமைதாங்கி வெறும் வசதிக்காக மட்டும் நடப்பட்டதன்று. கருவுற்ற பெண் பிள்ளையைப் பெறாமலே இறந்துபோனால், அவள் இறக்கி வைக்க முடியாத சுமையின் நினைவாக, அவளுடைய சுற்றத்தார் சுமைதாங்கி நடுவது வழக்கம். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போது அவளுடைய சுமையும் சற்றே குறைகிறது என்பது நம்பிக்கை.

மன்னர்க்கும் வீரர்க்கும் எழுந்த நடுகற்களைப் பற்றி ஆய்வுகள் பல உண்டு. பிறக்காத குழந்தைக்கும் பெறாத தாய்க்கும் எழுந்த இந்நடுகல்லோ, சாலை அகலப்படும்போது முதலில் பெயர்க்கப்படுவது. தமிழர் தம் சாலையில் எழுதிய மிகத் துயரமான வரி இதுவே. எழுத்தில்லாத வரியாதலின், அதைப் படிப்பார் குறைவு.

குளிரைத் தேடி

குளிரைத் தேடி மலையேறும் பழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் வளர்ந்தது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்குச் சென்று, உதகமண்டலத்தை உருவாக்கினார். அவருடைய மனைவியும் மகளும் அவ்வுதகையிலேயே இறந்து, புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் துயில்கின்றனர். கொடைக்கானலின் தோற்றமும் குழந்தைகளின் சாவோடு பிணைந்ததே. 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர்கள், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம் பிள்ளைகள் பலரைப் பறிகொடுத்தனர். எஞ்சியோரைக் காக்க முதலில் சிறுமலையில் இடம் தேடினர்; அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னரே 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினர். இன்று பொழுதுபோக்கிடமாக விளங்கும் அவ்வூர், பிள்ளைகளை இழந்த பெற்றோர் தேடிய புகலிடம்.

அக்குடும்பங்கள் நடந்து ஏறவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் மலைச்சாலை அமையும் வரையில், பெண்களையும் பிள்ளைகளையும் டோலியிலும் நாற்காலியிலும் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் அடிவாரத்து உழைப்பாளிகள். பிறர் பிள்ளையைக் குளிர்மலையில் இறக்கிவிட்டு, அவர்கள் தம் பிள்ளைகள் வாழ்ந்த காய்ச்சல் நிலத்திற்கே திரும்பினர். அச்சுமைக்குச் சுமைதாங்கி எதுவும் நடப்படவில்லை.

விடுதலைக்குப் பின்னர் பேருந்துகள் பெருகின. எளிய குடும்பங்களும் மலையேறின. மார்கழியிலும் தையிலும் உதகையின் தலைகுந்தா போன்ற தாழ்விடங்களில் புல்வெளி உறைபனியால் வெளுக்கும். அதைக் காண்பதற்கென்றே விடியலில் பிள்ளைகளை எழுப்பி அழைத்துச் செல்கின்றனர். பெரம்பலூர்ச் சிறுவன் உள்ளங்கையில் ஏந்தும் முதற்பனி அதுவே. பனியில் சறுக்கி விளையாட வேண்டுமாயின், காஷ்மீரத்தின் குல்மார்க்குக்கோ கர்வால் மலையின் ஔலிக்கோ செல்ல வேண்டும்.

நீலமலைகள் இரண்டு

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து பெயர்ந்த தமிழர் பலர் கனடாவில் குடியேறினர். டொராண்டோவின் வடமேற்கே, காலிங்வுட் நகரை அடுத்து, 1941 முதல் இயங்கும் பனிச்சறுக்குத் தலம் ஒன்று உள்ளது. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘நீலமலை’. சறுக்குச் சரிவின் உயரம் சற்றேறக்குறைய 220 மீட்டர்தான். பெரம்பலூரின் மேற்கே தெரியும் பச்சைமலை அதனினும் உயர்ந்தது. தை மாதத்துக் கடுங்குளிரில், பிள்ளைகளுக்கு மேலாடை மேல் மேலாடை போர்த்தி, பின்னிருக்கையில் வார்ப்பட்டை பூட்டி, கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு அந்நீலமலைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பனிச்சாலையில் வழுக்காத சக்கரங்களை மாட்டி, வானிலை அறிவிப்பைக் கேட்ட பின்னரே வண்டியை எடுக்கின்றனர். கூத்தர் குடும்பத்திற்குப் புலவர் சொன்ன வழுக்குநிலம், இரண்டாயிரம் ஆண்டு கடந்து, வேறொரு கண்டத்தில் அவர்கள் முன் கிடக்கிறது.

வாலிகண்டபுரத்துச் சாலையில் பனிக்கட்டி இல்லை. ஆனால் மார்கழி விடியலின் மூடுபனியும், இரவெல்லாம் ஓட்டிக் கண் செருகும் ஓட்டுநரும், ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் சரக்குந்தும் உண்டு. முன்பு 45 என்றும் 2010-ஆம் ஆண்டின் மறுஎண்ணிடலுக்குப் பின் 38 என்றும் வழங்கும் இந்நான்குவழி நெடுஞ்சாலை, மூன்று நாள் வழியை ஒரு மணி நேரமாக்கியது. வாந்திபேதியின் அச்சத்தை நீக்கியது; வேகத்தின் அச்சத்தைத் தந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயது நிறையாத பிள்ளையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைக் காப்பிருக்கையாலோ பிணைக்காமல் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. பருத்த கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று பெருங்கௌசிகனார் அன்போடு சொன்னதையே சட்டம் தண்டத்தோடு சொல்கிறது.

தாயின் மடி பாதுகாப்பானது என்பது கூண்டு வண்டி தந்த நம்பிக்கை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த மடியால் பிள்ளையைத் தாங்க இயலாது. இச்செய்தி இன்னும் நம் வீடுகளின் வழக்காறாகவில்லை.

வாலிகண்டபுரத்துப் பெருவழி அரசர்களைக் கண்டது, படைகளைக் கண்டது, பாடிச் சென்ற புலவரையும் கண்டது. அவர்கள் எல்லோரையும் விட மிகுதியாக அது கண்டவர்கள், பிள்ளையை அணைத்தபடி விடியலுக்காகக் காத்திருந்த பெற்றோரே. இன்று கோயில் வாயிலிலோ தேநீர்க் கடையிலோ அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி, உறங்கும் பிள்ளையை எழுப்பி, பனி விலகும் வரையில் தங்கிச் செல்லும் குடும்பம், அப்பெற்றோரின் வழியில் நடக்கிறது. இவ்வூர் பல நூறாண்டுகளாகச் செய்துவந்த தொழிலும் அவ்வாறு தங்க இடம் தருவதே.